ஆறு சொல் என்னிடம், ஆறு சொல் அவரிடம்

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் காசுக்கும் தோலுக்கும் ஒரே சட்டம்தான் என்று நம்பினேன். பாதி விற்பவனிடம், பாதி வாங்குபவனிடம். இரண்டும் பொருந்தினால் வியாபாரம் சுத்தம். ஐம்பத்து மூன்று வயதில், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு இதை நம்பினேன். குடித்திருந்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. எதிரில் இருந்தது சர்க்கரை போடாத டீ.

தோலின் சட்டத்தைச் சொன்னால்தான் நான் செய்தது புரியும். ஆம்பூரில் எனக்கு ஒரு சின்னக் கிடங்கு இருக்கிறது. ஷூ கம்பெனிகள் வெட்டி மிச்சம் வைத்த தோல், சாயம் கொஞ்சம் தூக்கலாகிப்போய் அவர்கள் ஒதுக்கிய தோல், இவற்றை மொத்தமாக எடுத்து, நிறம் பிரித்து, கனம் பிரித்து, பை தைப்பவர்களுக்கும் பெல்ட் போடுபவர்களுக்கும் விற்கிறேன். முழுத் தோல் விற்பவர்கள் எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள். நான் துண்டு மனிதன்.

ஒரு லாட் சரக்குக்கு விலை பேசி முடிந்ததும் அதிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு எடுப்போம். அதன் உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். அங்கே பேனாவால் எடையையும் விலையையும் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். பிறகு கத்தரியை எடுத்து நடுவில் கோணல்மாணலாக ஒரு வெட்டு. நேராக வெட்டக்கூடாது, நேராக வெட்டினால் எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் பொருந்தும். பாதி அவரிடம், பாதி என்னிடம். நாளைக்குத் தகராறு வந்தால் இரண்டையும் மேசைமேல் ஒட்டவைத்துப் பார்க்கலாம். கோணல் பொருந்தினால் துண்டை யாரும் மாற்றவில்லை. துண்டோடு சரக்கு பொருந்தினால் சரக்கையும் மாற்றவில்லை. வெளியூர் ஆள் என்றால் அவர் பாதியைக் கூரியரில் அனுப்பிவிட்டு, என் பாதியைப் போனில் படம் எடுத்து அனுப்புவேன். அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார். எங்கள் கிடங்கு வரிசையில் இதற்கு ஜோடி என்று பெயர்.

கிடங்கில் இப்படி ஜோடி ஜோடியாக ஒரு டப்பா நிறையச் சேர்த்துவைத்திருந்தாலும், வீட்டில் நான் நான்கு வருடமாக ஒற்றை. தப்பாக நினைக்கவேண்டாம், என் மனைவி நலமாக இருக்கிறாள். மஸ்கட்டில் நர்ஸ். முன்பு ஒரு தோல் வியாபாரத்தில் ஒருவர் கொடுத்த செக் திரும்பி வந்து நான் கடனில் மூழ்கியபோது, "நான் போய்ட்டு வர்றேன்" என்று கிளம்பியவள். கடன் தீர்ந்தது. அவள் வரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே வீட்டில் நான், ஒரு மிக்ஸி, ஒரு பீரோ.

நான் ஜோக் அடிக்கிற ஜாதி. நாலு பேர் நடுவில் விட்டால் சாவு வீட்டில்கூட யாராவது ஒருவரைச் சிரிக்கவைத்துத் திட்டு வாங்கிக்கொண்டு வருவேன். இப்படிப்பட்டவனுக்கு ஆளில்லாத வீடு என்பது வேறுவிதமான பட்டினி. ஒரு நாள் காலை தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு நாலாகப் பிய்ந்தது. அதைப் பார்த்ததும் அருமையான ஒரு வாக்கியம் வந்தது. சுற்றும்முற்றும் பார்த்தேன். தோசையிடமே சொன்னேன். அந்த வாக்கியம் இப்போது நினைவில் இல்லை. தோசை சிரிக்காதது மட்டும் நினைவிருக்கிறது.

என்னிடம் இன்னொரு சரக்கும் உண்டு. பயம். ஒருமுறை வயிற்றில் கட்டி என்று நானே முடிவுசெய்து, உயில் எழுதுவதற்கு முன்னால் எதற்கும் காட்டிவிடுவோம் என்று வேலூருக்கு ஓடினேன். டாக்டர் படுக்கவைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "பெல்ட்டை ஒரு ஓட்டை லூசாப் போடுங்க" என்றார். பெல்ட் தோல் விற்பவனுக்கு வந்த வியாதி. அன்றிலிருந்து நான் எதற்குப் பதறினாலும் என் மனைவி கேட்பது ஒரே கேள்விதான்: "நிஜமாவா, இல்ல பெல்ட்டா?"

இனி, வாங்கியவர். மேகாலயாவில் ஒரு மலை ஊரில் பை தைத்து விற்பவர். நாற்பது வயதிருக்கலாம். நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. இரண்டு பேருக்கும் அரைகுறை ஹிந்துஸ்தானி. எனக்கு அது பக்கத்துக் கிடங்கு பாயிடமிருந்து வந்தது, அவருக்கு லாரி டிரைவர்களிடமிருந்து. அதை இங்கிலீஷ் எழுத்தில் போனில் தட்டிக்கொள்வோம். எழுதியதில் பாதி எனக்குப் புரியாது, பாதி அவருக்குப் புரியாது. ஆகவே மரியாதையாக, ஒருவரை ஒருவர் பையா, அதாவது அண்ணா, என்றே அழைத்துப் பழகினோம்.

அவரும் முன்பு சூடு பட்டவர். எங்கிருந்தோ ஒருவன் காட்டிய சாம்பிள் ஒன்று, அனுப்பிய தோல் வேறு. எனக்கோ அந்தச் செக் தழும்பு. அதனால் எங்கள் முதல் மூன்று வாரங்கள் இப்படித்தான் போயின:

"முதலில் சரக்கு அனுப்புங்கள் பையா."

"முதலில் பணம் அனுப்புங்கள் பையா."

மூன்றாவது வாரத்தின் முடிவில் அலுத்துப்போய், "இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளலாமா?" என்று எழுதினேன். "ஹா ஹா ஹா" என்று வந்தது. அடுத்த நிமிடம், மூன்று கிலோ தோலுக்கு முழுப் பணமும் அனுப்பிவிட்டார். நான் நாலு கிலோ அனுப்பினேன். நம்பிக்கை அங்கே தொடங்கியது. ஒரு வருடம் சின்னச் சின்ன லாட்டாக ஓடியது.

அந்த ஹா ஹா ஹாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். "இது ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா? இவ்வளவு தடிப்பாக இருக்கிறதே" என்று ஒருமுறை கேட்டார். "ஆடுதான். ஆனால் உயிரோடு இருந்தபோது தன்னை மாடு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போல" என்று எழுதினேன். ஏழு ஹா வந்தது. எண்ணினேன். அன்றைக்கு மதியம் தனியாகத்தான் சாப்பிட்டேன், ஆனால் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்டில் அவர் பெரிதாகக் கேட்டார். கிடங்கில் இருக்கிற பழுப்பு நிறம் முழுவதும் வேண்டும், அதாவது என் கிடங்கில் முக்கால்வாசி. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அவருக்கு டிஜிட்டல் காசாகத்தான் கொடுக்கிறார்கள், எனக்கும் அதையே அனுப்பலாமா? டாலரோடு கட்டிவைத்த காசு, ஏறாது இறங்காது என்றார். வாலாஜாபேட்டையில் இருக்கும் என் ஆடிட்டரைக் கேட்டேன். "வரி கட்டுவேன்னா வாங்கு. கட்டமாட்டேன்னா என்னைக் கேட்டதாவே சொல்லாத" என்றார். கட்டுவேன் என்றேன்.

அந்த வாரமே மஸ்கட்டிலிருந்தும் ஒரு விலை பேசப்பட்டது.

"என்னங்க, செப்டம்பர் முப்பதுக்குள்ள ஆஸ்பத்திரியில சொல்லணும். கையெழுத்துப் போட்டா இன்னும் ரெண்டு வருஷம். கிடங்கு நிக்கும்னு நீங்க சொல்லுங்க, நான் போடாம பெட்டிய கட்டறேன்."

"நிக்கும். ஓடும். டான்ஸ் கூட ஆடும்."

"ஜோக்கு வேணாம். நிக்குமா?"

"நிக்கும்மா."

ஆக, அந்த ஒரு லாட்டின் பணத்தில்தான் அடுத்த சரக்கை எடுக்கவேண்டும், கிடங்கு நிற்கவேண்டும், அவள் வரவேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காசை வாங்கிக்கொள்ளப் போனில் பர்ஸ் மாதிரி ஒரு ஆப் இறக்கிக்கொள்ளச் சொன்னார் வாங்குபவர். இறக்கினேன். அது உடனே பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைக் காட்டியது. ஆடு, குடை, வெங்காயம், ஏணி, புருஷன் என்கிற மாதிரி, ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத வார்த்தைகள். போன் போனாலும் இந்தப் பன்னிரண்டு சொல்லையும் வரிசையாகத் தட்டினால் பர்ஸ் திறக்கும், எழுதி வைத்துக்கொள், யாரிடமும் காட்டாதே என்று கீழே சிவப்பில் போட்டிருந்தது.

எதில் எழுதுவது? காகிதத்தைக் கரையான் அரிக்கும். தோலில் எழுதினால் என் ஆயுளுக்கும் இருக்கும். அன்றைக்கு அவருக்கு அனுப்பவேண்டிய பழுப்புச் சாம்பிள் கையில் இருந்தது. அதன் உள்பக்கத்தில், எடைக்கும் விலைக்கும் கீழே, முதல் ஆறு ஒரு பத்தி, அடுத்த ஆறு பக்கத்தில் ஒரு பத்தி என்று எழுதினேன். எழுதி முடித்ததும் கை, முப்பது வருடப் பழக்கத்தில், தானாகவே கத்தரியை எடுத்தது.

அங்கேதான் மூளை ஒரு நியாயம் கண்டுபிடித்தது. பன்னிரண்டு சொல்லும் என்னிடமே இருந்தால், பணம் வரவேயில்லை என்று நான் நாளைக்குப் பொய் சொல்லலாமே? பாதி அவரிடம் இருந்தால்தானே அது நேர்மையான வியாபாரம்? சிவப்பு எழுத்து இங்கிலீஷ்காரனுக்கு, நாங்கள் ஆம்பூர்க்காரர்கள். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆறு. நடுவில் கோணலாக ஒரு வெட்டு. வலது பாதியைக் கூரியரில் அனுப்பிவிட்டு, வழக்கம்போல என் பாதியைப் படம் எடுத்து அவருக்குத் தட்டிவிட்டேன்.

ஜோடி பொருந்தியது என்று பதில் வந்தது. லாரி ஏற்றினேன். சரக்கு சேர்ந்த அன்றே முழுப் பணமும் பர்ஸில் வந்து உட்கார்ந்தது. திரையைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். பெட்டியில் தங்கம் வைத்தவன் போல ஒரு மாதம் இதே வேலை. உடனே ரூபாயாக மாற்றியிருக்கலாம். அவள் வரும் வாரம் சேர்த்து மாற்றிக் காட்டலாம் என்று ஒரு நாடகம் மனதில் இருந்தது. பார்க்க ஆள் வரப்போகிறது என்றால் எனக்கு மேடை வேண்டும்.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி போன் செத்தது. காலையில் எடுத்தால் கறுப்பு. பஜாரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அம்மாளிடம் கொண்டுபோனேன்.

"உள்ள இருக்கிறதெல்லாம் அழிச்சாத்தான் சார் உயிர் வரும்."

"அழிங்கம்மா."

"போட்டோல்லாம் போய்டும்."

"என் மூஞ்சிதானே. வீட்டுக் கண்ணாடியில இன்னொரு காப்பி இருக்குது."

"பழைய மெசேஜ் ஒண்ணும் வராது."

"பரவால்ல. என் பணம் ஆகாசத்துல இருக்குது."

அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அழித்தார். புதிதாய்ப் பிறந்த போனில் பர்ஸை மறுபடி இறக்கினேன். பன்னிரண்டு கட்டம் காட்டியது. பையிலிருந்து என் பாதியை எடுத்து ஆறு கட்டம் நிரப்பினேன். ஏழாவது கட்டத்தில் குச்சி மின்னிக்கொண்டிருந்தது. மின்னியது. மின்னியது.

"மீதி ஆறு?" என்றார் அந்த அம்மாள்.

"வாங்கினவர்கிட்ட இருக்குது."

"உங்க பீரோ சாவியில பாதிய வெட்டி யாருக்காச்சும் குடுப்பீங்களா சார்?"

கூலியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இருபதாம் தேதி காலை அவருக்கு முதல் செய்தி: "பையா, உங்கள் பாதியின் பின்பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவசரமில்லை." அவசரமில்லை என்று எழுதிவிட்டுப் போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்திக்குப் பக்கத்தில் ஒரே ஒரு டிக் விழுந்தது. அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டு டிக் விழவேண்டும். மதியம் வரை ஒன்றுதான். சாயங்காலமும் ஒன்றுதான், கூப்பிட்டாலும் லைன் போகவில்லை. மறுநாளும்.

பக்கத்துக் கிடங்கு பாய் மேல்விஷாரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவர். செருப்புக்கு உள்ளே வைக்கும் மெல்லிய தோல் வியாபாரம். என் வயதுதான். என்னை மகிழ்ச்சியாகத் திட்டுவதற்குக் கடவுள் அனுப்பியவர்.

"இன்னாபா, போனைப் புடிச்சிக்கினு குருவிக்கு மூச்சு வருதா பாக்கிற மாதிரி உக்காந்துக்கினு இருக்கே?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். பாய் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தோஸ்த், வெட்டறதுக்கு முன்னாடி பக்கத்துல நான் ஒருத்தன் இருக்கேன்னு ஞாபகம் வரலியா?"

"ஜோடின்னு நினைச்சேன் பாய்."

"ஜோடியாம் ஜோடி. இது இன்னா கல்யாணமா? சரி, ஒத்த டிக்குன்னா அந்தாளு போன் ஆஃப்ல இருக்குதுன்னு அர்த்தம்."

"இல்லன்னா என்னை பிளாக் பண்ணிட்டாருன்னு அர்த்தம்."

"ரெண்டுல நீ எத நம்பறே?"

"ரெண்டாவத."

"ஏன்?"

"அதான் பாய் எனக்கு நடக்கும்."

பாய் சிரித்தார். பிறகு தெம்பாகத்தான் பேசினார். "பேஜார் ஆவாத. அவன்கிட்ட ஆறுதானே இருக்குது? ஆறை வச்சிக்கினு அவனும் தொறக்க முடியாது. உன் பாதி உன்கிட்ட இருக்குது. அவன் தின்னவும் முடியாது, நீ தின்னவும் முடியாது. பதில் வர்ற வரைக்கும் சும்மா இரு."

நியாயம்தான். ஒரு டீ குடிக்கும் நேரம் நிம்மதியாக இருந்தேன். டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் அந்தப் படம் நினைவுக்கு வந்தது.

என் பாதியைப் படம் எடுத்து அனுப்பினேனே, அது எந்தப் பக்கம்? நிறம் காட்டுவதற்கு மேல்பக்கத்தை எடுப்பது உண்டு. கையெழுத்தைக் காட்டுவதற்கு உள்பக்கத்தை எடுப்பதும் உண்டு. இதில் ஒழுங்கு கிடையாது. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம். உள்பக்கம் என்றால், என் ஆறு சொல்லையும் நானே அவருக்குப் படமாக அனுப்பியிருக்கிறேன். அவர் பாதியில் ஆறு, என் படத்தில் ஆறு. பார்த்துவிடலாம் என்று போனை எடுத்தேன். அந்தப் படம், அந்தச் செய்தி, எல்லாவற்றையும் அழிங்கம்மா என்று சொன்னவன் நான்தான்.

அதற்குப் பிறகு என் தலைக்குள் இருந்த ஆள் இரண்டாகப் பிரிந்தான். ஒருவன், மேல்பக்கம்தான் எடுத்தாய், நன்றாக நினைவிருக்கிறதே என்பான். மற்றவன், உனக்கு நேற்று மதியம் என்ன சாப்பிட்டாய் என்றே நினைவில்லை என்பான். இரண்டு பேரும் என் குரலிலேயே பேசினார்கள். வீட்டில் வேறு குரல் இல்லாததால் தடுத்துவிடவும் ஆளில்லை. மிக்ஸியைக் காரணமில்லாமல் ஒருமுறை ஓடவிட்டேன்.

பன்னிரண்டு நாளில் பதினேழு செய்தி அனுப்பினேன். முதல் நாலும் பணிவு. ஐந்தாவதும் ஆறாவதும் ஜோக். அந்த மாடு என்று நினைத்துக்கொண்ட ஆட்டை மறுபடி ஓட்டினேன். ஏழாவதில் என் மனைவி வரப்போவதைச் சொல்லி இரக்கம் கேட்டேன். எட்டாவதில் போலீஸ் என்ற சொல் வந்தது. ஒன்பதாவதில் அந்தச் சொல்லுக்கு மன்னிப்பு. பத்திலிருந்து பதிமூன்று வரை வெறும் கேள்விக்குறிகள். பதினாலில் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். பதினைந்தில் அவருடைய தாயைப் பற்றி ஒரு வாக்கியம் தட்டி, அனுப்பாமல் அழித்துவிட்டு, வெறும் புள்ளி ஒன்றை அனுப்பினேன். பதினாறு, "ஒரு வருடம் சிரித்தது எல்லாம் இதற்குத்தானா?" பதினேழு, ஒரே சொல்: "திருடன்." எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒற்றை டிக்.

உண்மையைச் சொன்னால், பணம் போனதைவிட அந்தப் பதினாறாவது செய்திதான் என்னை அதிகம் வதைத்தது. என் ஜோக்குக்குச் சிரித்த ஒரே ஆள் சிரித்தது தூண்டில் புழுவா என்று தெரியாமல் போனது. பழைய ஹா ஹாக்களை எடுத்துப் படித்துப் பார்க்கவும் முடியாது. அவையும் போனோடு அழிந்திருந்தன.

இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. அவளுக்கு அன்று விடுமுறை, எப்போதும் அன்றுதான் பேசுவாள். பாய் காலையிலேயே எச்சரித்தார்.

"வீட்டம்மாகிட்ட இப்ப வாயத் தொறக்காத. இன்னும் ஒண்ணும் முடிவு தெரியல. வாய வச்சிக்கினு சும்மா இருக்க முடியுமா?"

"முடியும் பாய்."

முடியவில்லை. அவள் முகம் திரையில் வந்ததும், "சாப்டீங்களா?" என்றாள். நான் "போச்சு" என்றேன்.

"இன்னா போச்சு?"

"எல்லாம் போச்சும்மா. கிடங்குப் பணம் மொத்தமும்."

முழுவதையும் கேட்டாள். நர்ஸுகள் நோயாளி பேசும்போது குறுக்கே பேசமாட்டார்கள். கடைசியில் கேட்டாள்.

"நிஜமாவா? இல்ல பெல்ட்டா?"

ஒரு நொடி இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்த நொடி தெரிகிறது. தெரியலைம்மா என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட.

"நிஜம்தான். அந்தாளு எடுத்துக்கினு போய்ட்டான்" என்றேன்.

அவள் அழவில்லை. பின்னால் யாரோ கதவைத் தட்ட, அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

"சரி. நான் இருக்கேன்ல. பதறாதீங்க. போய்ச் சாப்பிடுங்க முதல்ல."

அன்றைக்கு வைத்த சோறு அப்படியே இருந்தது.

அக்டோபர் இரண்டாம் தேதி காலை பத்தரை மணிக்குக் கிடங்கில் உட்கார்ந்து மீந்துபோன கறுப்புத் தோலை அடுக்கிக்கொண்டிருந்தேன். போன் முனகியது. எடுத்துப் பார்த்தேன். பதினேழு செய்திகளுக்கும் பக்கத்தில் இரண்டாவது டிக் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது. மேலிருந்து கீழ்வரை, வாசல் பந்தல் சீரியல் விளக்கு எரிகிற மாதிரி.

அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. "பையா, மண்சரிவு. டவர் விழுந்துவிட்டது. பன்னிரண்டு நாள் லைன் இல்லை. நாங்கள் நலம். நீங்கள் நலமா?"

அதை எழுதும்போது என் செய்திகளை அவர் இன்னும் படித்திருக்கவில்லை. அதனால்தான் நலமா என்று கேட்டிருக்கிறார். பிறகு டிக்குகள் நீலமாயின. படிக்கிறார். முதலாவது, இரண்டாவது. ஆடு. போலீஸ். கடவுள். புள்ளி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாயின் கிடங்குக்குப் போனேன். "இன்னா ஆச்சு?" என்றார். "படிச்சிக்கினு இருக்காரு பாய்" என்றேன். பாய் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். அரை மணி நேரம் அவர் தோல் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் ஒரு வரி இருந்தது. "நாளை கூரியர்."

நூறு மன்னிப்பு எழுதினேன். துண்டை அனுப்பவேண்டாம், அந்த ஆறு சொல்லைப் போனிலேயே தட்டிவிடுங்கள், போதும் என்றேன். "இல்லை. கையால் வந்தது கையால் போகவேண்டும்" என்று பதில் வந்தது. கூடவே வேறொன்றும் இல்லை. நான் தேடியது அந்த ஹாவைத்தான்.

ஒன்பதாம் தேதி கூரியர் வந்தது. செய்தித்தாளில் சுற்றிய என் பழுப்புத் துண்டு. நாலு ஓரத்திலும் வரிசையாக ஊசித் துளைகள். எதற்கு என்று புரியவில்லை. மேசைமேல் என் பாதியையும் அதையும் வைத்துத் தள்ளினேன். கோணல் ஓடிப் பொருந்தியது. பாயும் எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு சொல்லையும் தட்டினேன். பர்ஸ் திறந்தது. அவர் அனுப்பிய தொகை அப்படியே இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். "இப்ப உடனே ரூபாயா மாத்து. அதுக்கப்புறம் அந்தக் கத்தரிய என்கிட்டக் குடு."

மாற்றினேன். வரியும் கட்டினேன். கத்தரியைக் கொடுக்கவில்லை.

அவருக்கு எழுதினேன்: துண்டு வந்தது, பொருந்தியது, பணம் இருக்கிறது, என்னை மன்னித்துவிடுங்கள். மனம் கேட்காமல் அதையும் கேட்டேன். அன்று நான் அனுப்பிய படம், தோலின் எந்தப் பக்கம்?

கொஞ்ச நேரத்தில் அந்தப் படத்தையே திருப்பி அனுப்பினார். கிடங்கு ஜன்னல் வெளிச்சம், என் கட்டை விரலின் நகம், நடுவில் தோலின் உள்பக்கம். என் கையெழுத்தில் ஆறு சொல்லும் தெளிவாக இருந்தன. அதன் கீழே எழுதியிருந்தார்: "அன்றே பார்த்தேன். உங்களுக்குத் தெரிந்துதான் அனுப்பினீர்கள், என்னை அவ்வளவு நம்புகிறீர்கள் என்று நினைத்தேன். வேறு யார் கண்ணிலும் படக்கூடாதென்று என் பாதியை என் கருவிப் பைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். இப்போது இந்தப் படத்தையும் அழித்துவிடுகிறேன்."

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பன்னிரண்டு சொற்களும் ஒன்றரை மாதத்துக்கு மேல் அவரிடம் இருந்தன. அவர் ஒரு காசும் எடுக்கவில்லை. என் மனைவி செப்டம்பர் முப்பதாம் தேதி காலை, டியூட்டிக்குப் போகும் வழியில், இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.